இரண்டு வாளி அக்கா

எங்கள் வீட்டில் அவருக்கு ‘ரெண்டு வாளி’ என்று பெயர். வைத்தவன் நான்தான். வெளியில் எல்லோரையும் போல அக்கா என்று கூப்பிடுவேன். குசினிக்குள் வந்ததும் மனைவியிடம், “உம்மடை ரெண்டு வாளி இண்டைக்கு என்ன சொல்லுது?” என்று கேட்பேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. நான் செய்த காரியத்தைச் சொல்லும் இடத்துக்கு அவருடைய பெயரையும் இழுத்து வர மனம் வரவில்லை.

அக்காவுக்குக் குளிக்க இரண்டு வாளி தண்ணீர். மாரியில் கிணறு கைக்கெட்டும் தூரத்தில் தளும்பினாலும் இரண்டு, ஆவணி வெயிலில் அடி தெரிந்தாலும் இரண்டு. முதல் வாளியால் நனைந்து, அரப்புத் தேய்த்து, இரண்டாவதால் கழுவி முடித்துவிடுவார். நிற்பதற்கு ஒரு கல் வைத்திருந்தார். அந்தக் கல்லில் விழும் தண்ணீர் சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. மீன் கழுவியது முருங்கைக்கு. முகம் கழுவ வேண்டுமென்றால்கூட மாதுளையடிக்குப் போய்த்தான் கழுவுவார். நான் என் பாட்டுக்குப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் அறிமுகமே ஒரு வாளியில்தான் நடந்தது. தெற்கில் எங்களுக்கிருந்த கடை 83 ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது. மனைவியையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கி, புங்குடுதீவில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த அப்பாவின் வீட்டைத் திறந்தேன். திறந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனேன். அகதி முகாமில் பத்து நாள் சரியாகக் குளிக்காத உடம்பு. அள்ளி அள்ளி ஊற்றினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது.

“தம்பி, உது ஆறாவது வாளி.”

திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் பன்னோலைப் பையோடு நின்றார். ஊர் ஆசுப்பத்திரியில் அற்றன்டன், அதாவது உதவியாள் வேலை, தனி ஆள் என்று பிறகு தெரிந்தது. குரலில் கோபம் இல்லை. ஆனால் எல்லாம் பறிகொடுத்துவிட்டு வந்தவனிடம் தண்ணீருக்கும் கணக்குக் கேட்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஏழாவது வாளியையும் ஊற்றினேன். தேவையில்லை, வீம்புக்குத்தான் ஊற்றினேன்.

அந்தக் கிணறு எங்கள் இரண்டு வளவுக்கும் பொது. நடுவில் வேலி வந்து கிணற்றுக் கட்டில் முட்டி நிற்கும். பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. எங்கள் பக்கத்தில் இருபது கிணறு இருந்தால் பதினெட்டு உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். இது நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றியிருந்த ஏழெட்டு வீடுகள் குடிப்பதற்கு இங்கேதான் வந்து அள்ளின. விடிந்ததும் முதல் வேலையாக அக்கா ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, “ம், இனிப்புக் கிடக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் வாளிக் கயிற்றைச் சுருட்டித் தூணில் மாட்டிவிடுவார். மறுபடி பின்னேரம்தான். இடையில் யார் வந்தாலும் ஒரே பதில். “கிணறு கொஞ்சம் ஆறட்டும், பிள்ளை.”

ஏன் ஆற வேண்டும் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. தன் தாய் அப்படிச் செய்தவ என்பார்.

எதையாவது எறியப் போனால் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். “உது எங்கை போகும்?” என் மனைவி ஒருநாள் உடைந்த பிளாஸ்டிக் கோப்பையை வேலிக்கு மேலால் கடற்கரைப் பக்கம் வீசப் போனபோது கேட்டார். “அங்காலை போகும், அக்கா” என்றாள் அவள். “இந்தத் தீவிலை எங்கை பிள்ளை அங்காலை? அங்காலை கடல். கடல் திருப்பிக் கொண்டுவந்து போடும்.” அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டுபோய் அடியில் ஓட்டை போட்டு, கற்பூரவள்ளி நட்டுவிட்டார்.

நாங்கள் பட்டணத்துக்குப் போய்வரும்போது கடைகளில் தரும் சொப்பிங் பைகள் காற்றுக்கு அவர் வளவுக்குள் பறந்துபோகும். அவற்றைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, நாலாக மடித்து வேலியிலிருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் நீட்டுவார். “உங்கடை வளவாலை வந்தது.” நான் வாங்கி, அவர் போனதும் அடுப்புக்குள் போட்டு எரிப்பேன். அந்தப் புகை அவர் பக்கம் போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆசுப்பத்திரியிலும் இதே கதைதான். மருந்துத் தண்ணீருக்குச் சனம் போத்தல் கொண்டுபோக வேண்டும். கழுவாத போத்தலோடு வந்தவர் வாத்தியாராக இருந்தாலும் சாம்பலைக் கையில் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பிவிடுவார். மாத்திரைக் குளிசைகளைக் கட்டிக்கொடுப்பதற்கு நாட்காட்டித் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் குளிசை வந்த பொட்டலத்தில் போன வருடத்து இராகுகாலம் இருந்தது. அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். என்னோடு ஊரும் சிரித்தது. அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஊருக்கு நான்தான் பழக்கிக் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முன்னர் அவரவர் மனதுக்குள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் இருக்கும் குளிர் நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை நகரசபை ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பும். குளிக்கும் நேரத்தைக் குறையுங்கள், கடைக்குத் துணிப்பை கொண்டுபோங்கள், குசினிக் கழிவை உரமாக்குங்கள். வழவழப்பான கடதாசியில், சிரிக்கும் குடும்பத்தின் படத்தோடு வரும். எனக்கு அதைக் கையில் வைத்திருக்கப் பிடிப்பதில்லை.

அவருடைய வளவில் கிணற்றுக்கு ஏறக்குறைய முப்பது அடி தள்ளி ஒரு எருக்கிடங்கு இருந்தது. சாணம், சாம்பல், மீன் செதில், வாழைச் சருகு, கிழிந்த பனங்குடலை என்று எல்லாம் அதற்குள் போகும். மேலே ஒரு படை மண். அடுத்த மாரிக்கு வெட்டி எடுத்தால் கறுத்த உதிரி எரு. அக்காவின் வளவில் வாழையும் முருங்கையும் அப்படித் தழைத்து நின்றதற்கு அதுதான் காரணம். நான் கையில் ஒன்றும் இல்லாமல் மிளகாய்த் தோட்டம் தொடங்கியபோது, கேட்காமலே இரண்டு கடகம் எரு கொண்டுவந்து வேலியடியில் வைத்தார்.

தோட்டத்துக்குத் துலாவால் இறைத்துப் பழகாத உடம்பு எனக்கு. கல்லாவில் இருந்து வளர்ந்த உடம்பு. யேர்மனியில் இருந்த தம்பி இறைப்பு மிசின் ஒன்றுக்கு வழிசெய்தான். மண்ணெண்ணெயில் ஓடும் சிவப்பு நிற மிசின். அதை வண்டிலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் ஒழுங்கைத் தெரு முழுக்க நின்று பார்த்தது. இரண்டு வருடமாக அகதி என்ற பெயரோடு நடந்தவன் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்தேன். மிசின் இழுத்த தண்ணீர் தொடை மொத்தத்துக்குக் குழாயால் பாய்ந்து விழ, அதற்குக் கீழே மகளை இருத்திக் குளிக்கவைத்தேன்.

வேலை முடிந்து வந்த அக்கா சத்தம் கேட்டு வேலியடிக்கு வந்தார்.

“தம்பி, உதை எவ்வளவு நேரம் விடுவீர்?”

“மரம் நனையுமட்டும் அக்கா.”

“நடுக்கோடையிலை கிணறு களைச்சுப் போகும். காலமை ஒரு அரை மணித்தியாலம் விட்டிட்டு நிப்பாட்டுமன். மிச்சத்தை நான் கையாலை அள்ளித் தாறன்.”

“கிணறு என்ன மனுசனே அக்கா, களைக்கிறதுக்கு?” என்றேன். வேலிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

முதல் கோடை ஒன்றும் நடக்கவில்லை. மிளகாய் நன்றாகக் காய்த்தது. அடுத்த கோடைக்கு இரண்டு மடங்கு கன்று வைத்தேன். காலையிலும் மாலையிலும் மிசின் ஓடியது. மத்தியானத்திலும் ஓடியது.

ஆவணி மாதம் ஒரு விடியல். வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கை தண்ணீர் வாயில் வைத்தார். மறுபடி அள்ளி வைத்தார். வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வரவில்லை. நாலு நாள் கழித்து என் மனைவி வந்து, “இஞ்சருங்கோ, பருப்பு அவியுதில்லை. தேத்தண்ணிக்குப் பால் விட்டா திரையுது” என்றாள். இன்னும் இரண்டு கிழமையில் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. கிணறு சவராகிவிட்டது.

ஊர் கலங்கிப்போனது. கிராம அதிகாரியான விதானையார் எழுதிப் போட்டு, தண்ணீர் பரிசோதிக்கும் கந்தோர் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் மண்டைதீவுப் பாதையால் பஸ் ஏறி வந்தார். வந்தது வேலைநாள் மத்தியானம். அக்கா ஆசுப்பத்திரியில். மற்றவர்களும் வயலிலும் கடலிலும். கிணற்றடியில் நானும் அவரும் மட்டும்தான். குசினிக்குள் மனைவி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். பிறகு சிவப்பு மிசினைப் பார்த்தார்.

“அண்ணை, உது நாளுக்கு எவ்வளவு நேரம் ஓடுது?”

சொன்னேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“இந்தத் தீவுகளிலை மழைத் தண்ணிதான் உப்புத் தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு நிக்குது. கையாலை அள்ளினா மேலை இருக்கிறது மட்டும் வரும், இடையிலை ஊறியும் கொள்ளும். மிசினாலை உறிஞ்சினா கீழை கிடக்கிற உப்பு மேலை ஏறிவிடும். இதுக்கு மருந்து இல்லை அண்ணை. மிசினை நிப்பாட்டிப்போட்டு, எத்தினை மாரி போகவேணுமோ, பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.”

தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உந்த எருக்கிடங்கும் கிணத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தான் கிடக்கு. ஏலுமெண்டா இன்னும் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ. உப்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பொதுவாச் சொல்லுறன்” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று விறுவிறென்று நடந்துவிட்டார்.

பின்னேரம் ஏழெட்டு வீட்டுச் சனமும் கிணற்றடிக்கு வந்துவிட்டது. விதானையாரும் வந்தார். வேலைச் சீலையோடு, ஓலைப் பையோடு, கூட்டத்துக்குப் பின்னால் அக்காவும் நின்றார்.

“என்னவாம் தம்பி? கந்தோர்ப் பொடியன் என்ன சொன்னவன்?” என்று விதானையார் கேட்டார்.

எல்லாக் கண்ணும் என் முகத்தில். என்னைச் சுற்றி நின்றவர்கள் அவ்வளவு பேரும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். ஒரு ஊரிலிருந்து ஏற்கெனவே எரித்துக் கலைக்கப்பட்டவன் நான். இங்கேயும் ‘வந்தான், கிணத்தைக் கெடுத்தான்’ என்று சொல்லிவிட்டால் பிறகு எங்கே போவது? இதெல்லாம் பிறகு நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த நேரம் ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“எருக்கிடங்காம். கிணத்துக்குக் கிட்டவாம். கழிவுத் தண்ணியும் சாம்பலும் வருசக்கணக்கா ஊறி இறங்கித் தண்ணி கெட்டுப்போச்சாம்.”

யாரோ ஒருவர், “ஒண்டையும் எறியாமல் எல்லாத்தையும் சேர்த்து வைச்சா வேறென்ன நடக்கும்” என்றார். இன்னொருவர் சிரித்தார். நான் பழக்கிக் கொடுத்த சிரிப்பு. அக்கா முன்னுக்கு வந்தார். மிசினைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அந்தத் தம்பி அப்பிடியே சொன்னவர்?”

“ஓம் அக்கா.”

கிடங்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “படிச்ச பிள்ளை. தெரியாமல் சொல்லாது” என்றார். அவ்வளவுதான். நான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் கிடங்கை மூடினார். ஒழுங்கை முகப்பிலிருந்து கடகத்தில் மண் சுமந்து வந்து கொட்டினார். விடியற்காலை தொடங்கிய வேலை பின்னேரமாகியும் முடியவில்லை. வாய்க்காலைத் தூர்த்தார். கிணற்றடி வாழைகளைத் தானே வெட்டிச் சாய்த்தார். மூன்று குலை பிஞ்சோடு நின்றன. நான் யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மனைவி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

“கந்தோராலை வந்தவர் மிசினைத்தானே சொன்னவர். எனக்குக் குசினிக்கை கேட்டது.”

“உமக்கு என்ன விளங்கும்? உள்ளை போம்” என்றேன்.

அவள் உள்ளே போனாள். அதன் பிறகு எங்கள் குசினியில் ‘ரெண்டு வாளி’ என்ற பெயரை அவள் சொன்னதேயில்லை. நானும் சொல்வதை விட்டுவிட்டேன். மிசினை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று சாட்டுச் சொல்லிச் சாக்கால் மூடி வைத்தேன். விரைவிலேயே உண்மையாகவும் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

இனி நல்ல தண்ணீருக்குக் கோயிலடிக் கிணறுதான். முக்கால் மைல் நடை. வேலை முடிந்து வந்து இரண்டு குடத்தோடு அக்கா போவார். அங்கே எங்கள் பக்கத்துச் சனம் அவரைக் கண்டதும், “உன்ரை கிடங்காலை எங்களுக்கெல்லாம் நடை” என்று நேரடியாகவே சொன்னது. அவர் முதலில் வந்திருந்தாலும் ஒதுங்கி நின்று எல்லோரையும் அள்ளவிட்டு, கடைசியாகத்தான் அள்ளுவார். நானும் அங்கே போவேன். எனக்கும் வழிவிட்டு நிற்பார். நான் அள்ளிக்கொண்டு வருவேன்.

ஐந்து வருடம் அப்படிப் போனது. ஒவ்வொரு மாரியும் கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் குறைந்தது. வாயில் வைத்துப் பார்க்க அவர் வரவில்லை. கிணற்றுப் பக்கமே வருவதில்லை. தொண்ணூற்றொன்றில் இராணுவம் வந்து இறங்க, ஊரே கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தோணி ஏறியது. ஆளுக்கொரு திசையானோம்; நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒதுங்கினோம்.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போக வழி கிடைத்தது. புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது மனைவி சொன்னாள். “அக்கா கொக்குவிலிலை ஒரு வீட்டிலை இருக்கிறாவாம். போக முதல் போய் உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ.” ஏழு வருடத்துக்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்தது அன்றைக்குத்தான்.

சைக்கிளில் போகும்போது வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ‘அக்கா, கிணத்தைக் கெடுத்தது என்ரை மிசின். நான் பொய் சொன்னனான்.’ சின்ன வசனம். பதினைந்து நிமிடத்தில் மனப்பாடமாகிவிட்டது. அப்போது பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணம் முழுக்க அக்காவைப் போல வாழப் பழகியிருந்தது. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு விளக்கு, பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தல், போன வருடத்துக் கொப்பியின் பின்பக்கத்தில் பள்ளிக்கூடப் பாடம். வழியில் ஒருவர்கூட ஒரு கடதாசியை எறிந்து நான் காணவில்லை.

அக்கா இருந்த வீட்டின் பின் தாழ்வாரத்தில் ஒரு மூலை அவருக்கு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மெலிந்திருந்தார். குளிக்கப் புறப்பட்டதாகச் சொல்லிக் கையிலிருந்த இரண்டு வாளியையும் கீழே வைத்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். தண்ணீர் நிரம்பிய வாளிகள். கிணறு பின்னால் இருக்க அவர் வாசல் படலைப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்ததை உள்ளே வரும்போதே கண்டிருந்தேன்.

“எங்கை அக்கா கொண்டு போறியள்?”

“ஒழுங்கைக் கரைக்கு. கிணத்தடியிலை நான் குளிக்கிறேல்லை. அரிசித் தண்ணியையும் தூரத்திலை கொண்டுபோய்த்தான் ஊத்துறனான். இந்த வீட்டுக்காரர் நல்ல சனம். அதுகளின்ரை கிணத்துக்கும் ஏதும் வந்திடப்படாது.”

“அக்கா...” என்று தொடங்கினேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீர் போறீர் எண்டு கேள்விப்பட்டனான். வரமாட்டீரோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான், தம்பி. உமக்கு ஒண்டு சொல்லவேணும்.” சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். “எரிச்சுக் கலைச்சு, ஒண்டுமில்லாமல் வந்த பிள்ளை நீர். அந்த மிளகாய்த் தோட்டத்தாலை ஒரு மாதிரி எழும்பியிருப்பீர். என்ரை கிடங்காலை எல்லாம் போச்சு. உம்மடை பெண்சாதி குழந்தையையும் இழுத்துக்கொண்டு கோயிலடிக்குக் குடத்தோடை நடந்ததை நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான். உம்மட்டை வந்து சொல்ல எனக்கு முகம் இல்லை. மன்னிச்சுக்கொள்ளும் தம்பி.”

கண் கலங்கி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வருடமாக அந்தப் பதிலுக்குக் காத்திருந்தவரின் முகம் அது.

“அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சிட்டன், அக்கா” என்றேன்.